ஃப்ரீலான்ஸ் வேலை சொந்தக் கணக்கில் கலந்துவிட்டதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

வேலையும் சொந்த விஷயமும் கலந்து கிடக்கிறது என்றதும் பலரும் முதலில் யோசிப்பது இன்னொரு லேப்டாப் வாங்கலாமா என்றுதான். வாங்கலாம். ஆனால் அதிலும் அதே பழைய ஜிமெயிலில் நுழைந்தால் புக்மார்க், பாஸ்வேர்ட், போட்டோ, தேடல் வரலாறு எல்லாம் கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்து இறங்கிவிடும். கலப்பது கணக்கு, கருவி வெறும் சாட்சிதான். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: அது நடந்த நேரத்தில் எந்தக் கணக்கு உள்ளே இருந்தது?

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். அதைச் சரிசெய்தாலே மற்றவற்றில் பாதி அடங்கிவிடும்.

## கிளையண்ட் அனுப்பிய லிங்க்கைத் திறந்தால் "அனுமதி இல்லை" என்று வருகிறது

அங்கேயே "அணுகலைக் கோரு" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்த வேண்டாம். அழுத்தினால் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் கோரிக்கை போகும். கிளையண்டும் யோசிக்காமல் அனுமதி கொடுத்துவிடுவார். அந்த நொடியிலிருந்து அந்தக் கோப்பு உங்கள் சொந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வரும் கமென்ட், அறிவிப்பு எல்லாமும் அங்கேதான் வரும்.

காரணம் எளிது. ஒரே பிரவுசரில் இரண்டு கூகுள் கணக்குகளில் நுழைந்திருந்தால், முதலில் நுழைந்த கணக்கையே கூகுள் இயல்புக் கணக்காக எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் லிங்க் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் திறக்கும். ஜிமெயில் திறந்திருக்கும்போது முகவரிப் பட்டையில் 0, 1 என்று ஓர் எண் தெரிகிறதே, அது எத்தனையாவது கணக்கு என்பதைத்தான் சொல்கிறது. 0 என்றால் முதலில் நுழைந்தது.

இப்போதைக்கு: மேல் மூலையில் உள்ள படத்தை அழுத்தி, வேலைக் கணக்குக்கு மாறித் திறந்துகொள்ளுங்கள்.

நிரந்தரமாக: பிரவுசரில் வேலைக்கென்று தனி ப்ரொஃபைல் உருவாக்குங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. சஃபாரியில் 2023-இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ப்ரொஃபைல் மாறினால் குக்கி (லாகினை நினைவில் வைக்கும் சிறு தகவல்), வரலாறு, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்ட், எக்ஸ்டென்ஷன் எல்லாமே தனித்தனி. சஃபாரியில் மட்டும் சேமித்த பாஸ்வேர்ட் பொதுவாகவே இருக்கும். வேலை ப்ரொஃபைலில் வேலைக் கணக்கில் மட்டும் நுழையுங்கள். அடுத்து வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: சொந்த ப்ரொஃபைலுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து வேலைக் கணக்கை வெளியேற்றுங்கள். இரண்டிலும் இரண்டு கணக்குகளும் இருந்தால் ப்ரொஃபைல் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. ஒன்றுக்கு அடர் நிறம், இன்னொன்றுக்கு வெளிர் நிறம் என்று பிரவுசரின் தோற்றத்தையும் (தீம்) மாற்றிவிடுங்கள். அவசரத்தில் யாரும் மூலையில் உள்ள படத்தைப் பார்ப்பதில்லை. நிறம் தானாகக் கண்ணில் படும்.

இதற்குப் பிறகும் லிங்க் தவறான இடத்தில் திறந்தால், அந்த லிங்க்கை எங்கிருந்து அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் நிறுவிய சாட் செயலியிலிருந்து அழுத்தினால், குரோம் கடைசியாகப் பயன்படுத்திய ப்ரொஃபைலில் அதைத் திறக்கும். எட்ஜில் வெளி லிங்க்குகள் எந்த ப்ரொஃபைலில் திறக்க வேண்டும் என்று அமைப்பிலேயே சொல்லிவைக்கலாம். குரோமில் இருப்பவர்களுக்கு என் யோசனை: வேலைக்கான சாட்டையும் மெயிலையும் தனிச் செயலியாக வைக்காமல் வேலை ப்ரொஃபைலுக்குள்ளேயே டேப்பாகத் திறந்து வையுங்கள். உள்ளே அழுத்தும் லிங்க் உள்ளேயே திறக்கும்.

ஒரே சேவையில் மூன்று கிளையண்டுகளுக்கு மூன்று லாகின் வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸின் கன்டெய்னர் வசதி ரொம்பவே உதவும். ஒரே ஜன்னலில் ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு லாகினில் இருக்கும். ஆனால் கன்டெய்னர் பிரிப்பது குக்கி போன்ற தளத் தகவல்களை மட்டுமே. வரலாறும் சேமித்த பாஸ்வேர்டும் பொதுவாகத்தான் இருக்கும். ஆகவே அது வேலை ப்ரொஃபைலுக்குள் கிளையண்டுகளைப் பிரிக்க ஏற்றது. வேலையையும் வீட்டையும் பிரிக்கப் போதாது. இன்காக்னிட்டோ ஜன்னலை இதற்காகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக லாகின் செய்ய வேண்டியிருப்பதால் இரண்டாம் வாரமே சலித்துப்போய்ப் பழைய வழிக்குத் திரும்பிவிடுவார்கள்.

## மெயில் தவறான முகவரியிலிருந்து போய்விட்டது

பெரும்பாலும் இது போனில்தான் நடக்கும். எல்லா இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் பக்கத்திலிருந்து புதிய மெயில் எழுதினால், செயலி தன் இயல்புக் கணக்கையே அனுப்புநராகப் போடும். பதில் எழுதும்போது சரியாக இருக்கும், புதிதாக எழுதும்போது மட்டும் தவறும் என்றால் காரணம் இதுதான். போனின் மெயில் அமைப்பில் இயல்புக் கணக்கு எது என்று பாருங்கள். தவறிப் போனால் எந்தப் பக்கம் தவறுவது பரவாயில்லை என்று யோசித்து அதை வையுங்கள். சொந்தக்காரருக்கு வேலை முகவரியிலிருந்து மெயில் போனால் யாருக்கும் நட்டமில்லை.

ஜிமெயிலிலேயே இன்னொரு முகவரியைச் சேர்த்து இரண்டிலிருந்தும் அனுப்புகிறவர் என்றால், அமைப்பில் "எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில்" என்ற தேர்வை இயக்குங்கள். அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் 5 நொடியாக இருந்தால் 30 ஆக்கிவிடுங்கள். பெறுநர் பெயரைப் பாதி அடித்ததும் தப்பான ஆள் வந்து நிற்கிறார் என்றால், புதிதாக மெயில் அனுப்பும் எல்லாரையும் தானாகத் தொடர்பில் சேர்க்கும் தேர்வை நிறுத்துங்கள்.

போய்விட்ட மெயிலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிளையண்டின் மெயில் செயலி உங்கள் சொந்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டுவிட்டதே, அதுதான் தலைவலி. இனி அவர் உங்கள் பெயரை அடிக்கும்போதெல்லாம் அதுதான் முன்னால் வரும். "இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் பலிக்காது. சொந்தக் கணக்கில் ஒரு ஃபில்டர் போட்டு, அந்தக் கிளையண்டின் டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வருவதை எல்லாம் வேலை முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். பதிலை எப்போதும் வேலை முகவரியிலிருந்தே கொடுங்கள். நாளடைவில் அவர் செயலியும் பழகிவிடும்.

இந்த விஷயத்தில் கட்டாயம் செலவு செய்யச் சொல்வேன் என்றால் அது சொந்த டொமைனில் ஒரு முகவரிக்கு. மெயில் சேவையை நாளைக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. இன்றைக்குத்தான் முதல் கிளையண்ட் என்றாலும் அதிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் பத்துப் பேரிடம் முகவரி மாறிவிட்டது என்று சொல்லும் வேலை பெரிய வேலை.

## ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது வீட்டு மெசேஜ் மேலே வந்து விழுகிறது

முழுத் திரையையும் பகிராமல் ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள். வேலை ப்ரொஃபைல் இருந்தால், முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து அடித்ததும் நேற்றிரவு தேடியதெல்லாம் வரிசையாக வந்து நிற்பதும் நின்றுவிடும்.

மெசேஜ் எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மேக்கில் மெசேஜ் செயலி, விண்டோஸில் போனை இணைக்கும் செயலி இரண்டும் போனுக்கு வருவதை அப்படியே திரையில் காட்டும். மேக்கின் அறிவிப்பு அமைப்பில், திரையைப் பகிரும்போது அறிவிப்பு வரலாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் போதும். விண்டோஸில் கூட்டத்துக்கு முன் தொந்தரவு செய்யாதே நிலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்துக்குப் பலமுறை திரையைப் பகிர வேண்டியிருக்கும் பயிற்சியாளர், டிசைனர் போன்றவர்களுக்கு இந்த ஒட்டுவேலை போதாது. கம்ப்யூட்டரிலேயே வேலைக்கென்று இன்னொரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். டெஸ்க்டாப், வால்பேப்பர், டவுன்லோட் ஃபோல்டர், அறிவிப்பு எல்லாம் வேறு. மாற ஒரு நிமிடம்கூட ஆகாது. புதுக் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அநேகமாக வாங்கத் தோன்றாது.

## கிளையண்டின் கோப்பு வீட்டு கிளவுடில் கிடக்கிறது, அல்லது இடம் நிரம்பிவிட்டது

இது நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி. அவசரப்பட்டு எதையும் அணைக்கக் கூடாது.

நீங்கள் எதையும் ஏற்றியதாக நினைவே இல்லை, ஆனாலும் கோப்பு அங்கே இருக்கிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். விண்டோஸில் ஒன்டிரைவ் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தானே பேக்கப் எடுக்கும். மேக்கில் ஐகிளவுட் டிரைவுக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் அனுப்பும் தேர்வு உண்டு. போனில் கூகுள் போட்டோஸ், கேமரா படங்களோடு ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கலாம். கிளையண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒப்பந்தப் படம் குடும்ப ஆல்பத்தில் வந்து உட்காருவது இந்த வழியாகத்தான்.

ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தினால் டெஸ்க்டாப் திடீரென்று காலியாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். ஐகிளவுடிலும் அப்படித்தான்: அணைத்ததும் புதிதாகக் காலி டெஸ்க்டாப் ஒன்று வரும், பழையவை ஐகிளவுட் டிரைவில் இருக்கும். எனவே முதலில் வேலைக் கோப்புகளை இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே ஒரு புது ஃபோல்டரில் நகலெடுத்து, நான்கைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பேக்கப்பில் கை வையுங்கள். கூகுள் போட்டோஸில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: பேக்கப் ஆன படத்தைச் செயலியில் அழித்தால் கிளவுடிலும் போனிலும் சேர்ந்தே போகும்.

வாட்ஸ்அப்பில் அந்த சாட்டின் அமைப்புக்குள் போய், மீடியா கேலரியில் தெரிவதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் இது போட்டோஸில் சேமிக்கும் தேர்வாக இருக்கும்.

இனி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வீட்டு பேக்கப்பிலிருந்து வெளியே எடுத்த வேலை ஃபோல்டருக்கு இப்போது பேக்கப்பே இல்லை! அதை வேலைக் கணக்கின் கிளவுடோடு இணைப்பது அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை.

கூகுள் டிரைவில் சொந்தக் கணக்கில் உருவாக்கிய ஆவணங்கள் வேறு மாதிரி. கோப்பு யாருடையதோ அவருடைய இடம்தான் குறையும். சாதாரணக் கணக்குக்குக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்வதால், கிளையண்டின் வீடியோ ஒன்று உங்கள் சொந்த மெயிலையே நிறுத்திவிட முடியும். இரண்டும் சாதாரண ஜிமெயில் கணக்கு என்றால் உரிமையை மாற்றிக் கொடுக்கலாம். மறுபக்கத்தில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலைக் கணக்கு சொந்த டொமைனில் உள்ள கூகுள் ஒர்க்ஸ்பேஸ் என்றால் உரிமை மாறாது, நகல்தான் எடுக்க வேண்டும். நகலில் பழைய பதிப்பு வரலாறு வராது, பழைய லிங்க்கும் புதியதைக் காட்டாது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் வேலையை நடுவில் மாற்ற வேண்டாம். அடுத்த ப்ராஜெக்ட்டை வேலைக் கணக்கில் தொடங்குங்கள். பழையதை அது முடிந்த பிறகு நகர்த்திக்கொள்ளலாம்.

## அனுப்பிய ஆவணத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது

வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் பதிவாகியிருக்கும். பழைய கிளையண்டுக்குச் செய்த கோப்பையே அடிப்படையாக வைத்துப் புதியது செய்தால் பழைய பெயரும் கூடவே வரும். கோப்பு மெனுவில் தகவல் பகுதிக்குள் ஆவணத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அது இவற்றை நீக்கும். கமென்ட்டுகளையும் சேர்த்து நீக்குமா என்று பார்த்து டிக் செய்யுங்கள், கிளையண்ட் எழுதிய குறிப்புகள் அதோடு போய்விடக் கூடாது. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கு இதன் வடிவம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் கமிட்டில், அதாவது ஒவ்வொரு பதிவிலும், சொந்த மெயில் முகவரி பதிவாவது. 2017-இல் வந்த கிட் 2.13 முதல், எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறீர்களோ அதைப் பொறுத்து வேறு அமைப்புக் கோப்பைப் படிக்கச் சொல்ல முடியும். எல்லா வேலை ரெப்போக்களையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்து, அதற்கு வேலை முகவரியைக் கொடுங்கள். பொது அமைப்பிலிருந்து முகவரியை எடுத்துவிட்டு, சொல்லாத முகவரியை யூகிக்காதே என்றும் கிட்டுக்குச் சொல்லிவைத்தால், மறந்துபோன இடத்தில் கமிட்டே ஆகாது. ஏற்கெனவே கிளையண்டின் சர்வருக்குப் போய்விட்ட கமிட்டுகளைத் திருத்தப் போகாதீர்கள். வரலாற்றை மாற்றி எழுதினால் கமிட் எண்கள் எல்லாமே மாறி, மற்றவர்களின் வேலை குழம்பிவிடும்.

## இரவிலும் விடுமுறையிலும் வேலை மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது

ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பிலிருந்தே, அதாவது 2014 முதல், ஒர்க் ப்ரொஃபைல் என்ற வசதி உள்ளது. நிறுவனங்களுக்காகச் செய்தது என்றாலும் ஷெல்ட்டர், ஐலண்ட் போன்ற செயலிகள் மூலம் தனி ஆளும் அமைத்துக்கொள்ளலாம். வேலைச் செயலிகள் சின்னப் பெட்டிக் குறியோடு தனியாக நிற்கும். தொடர்பும் கோப்பும் தனி. ஒரு பட்டனை அழுத்தினால் அத்தனையும் உறங்கிவிடும், அறிவிப்பும் வராது. 2024-இல் ஆண்ட்ராய்டு 15-இல் வந்த பிரைவேட் ஸ்பேஸும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும்.

ஐபோனில் ஒரே செயலியின் இரண்டு பிரதிகளை வைக்க வழி இல்லை. 2021-இல் வந்த ஃபோகஸ் வசதியில் யார், எந்தச் செயலி அறிவிப்புத் தரலாம் என்று நேரம் வைத்துக் கட்டுப்படுத்தலாம். அடுத்த ஆண்டு வந்த ஃபோகஸ் ஃபில்டர் இன்னும் பயனுள்ளது: மாலைக்கு மேல் வேலை இன்பாக்ஸையே மெயில் செயலியிலிருந்து மறைத்துவிடும். அறிவிப்பு வராவிட்டாலும் நாமே போய் எட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து.

வேலைக்கு இரண்டாவது எண் எடுப்பது நல்லது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், வேலை நேரம் தாண்டி வருபவருக்கு அதுவே ஒரு பதில் அனுப்பிவிடும். பழைய கிளையண்டுகளிடம் இருக்கும் சொந்த எண்ணை இனி மாற்ற முடியாது என்று தோன்றலாம். எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. அவர் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் வேலை எண்ணிலிருந்து பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. கிளையண்டின் நிறுவன மெயிலைப் போனில் சேர்க்கும்போது, சாதனத்தை நிர்வகிக்கவும் அதிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கவும் அனுமதி கேட்டால் அங்கேயே நில்லுங்கள். ஒப்பந்தம் முடிந்த அன்று அங்கிருக்கும் ஐடி பணியாளர் வழக்கமான சுத்தம் என்று நினைத்து அழுத்தும் பட்டன் உங்கள் குடும்பப் படங்களையும் அழித்துவிடும். ஆண்ட்ராய்டின் ஒர்க் ப்ரொஃபைலுக்குள் சேர்த்தால் அந்தப் பகுதி மட்டுமே அழியும். அதுவும் வேண்டாம் என்றால் பிரவுசரில் மெயில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அநேக கிளையண்டுகள் சரி என்றுவிடுவார்கள்.

## யூடியூப் திறந்தால் தொழிற்சாலை பம்ப் வீடியோவாக வருகிறது

பம்ப் கம்பெனிக்குக் கட்டுரை எழுத சொந்தக் கணக்கில் தேடியிருக்கிறீர்கள். பார்த்த வரலாற்றில் அந்த நாட்களை அழித்துவிட்டு, அடுத்த முறை வேலை ப்ரொஃபைலில் தேடுங்கள். 3, 18 அல்லது 36 மாதத்துக்கு மேல் பழையதைத் தானாக அழிக்கும்படியும் வைக்கலாம்.

## ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்

எல்லாவற்றையும் பிரி பிரி என்று சொல்லிவிட்டு இதில் மட்டும் எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலண்டரை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பார்ப்பதை ஒன்றாகப் பாருங்கள். நேரம் ஒன்றுதான், பல் மருத்துவரிடம் போகும் மூன்று மணிக்கே கிளையண்ட் கூட்டமும் வைக்க முடியாது. சொந்தக் காலண்டரை வேலைக் கணக்கோடு, விவரம் மறைத்து, நேரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்படி பகிருங்கள். வேலைப் பக்கத்தில் திரையைப் பகிர்ந்தாலும் "பிஸி" என்று ஒரு கட்டம்தான் தெரியும்.

## மாதக் கட்டணம் எது வேலைக்கு, எது வீட்டுக்கு என்று தெரியவில்லை

வேலைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி கார்டு. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது செயலிக் கடை வழியாக வாங்கியவை. கூகுள் பிளேயில் வாங்கியது அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது, வேறு கணக்குக்கு மாற்ற முடியாது. வேலைக்கான மென்பொருளை முடிந்தவரை நிறுவனத்தின் தளத்திலேயே, வேலை முகவரியில், வேலை கார்டில் வாங்குங்கள். ரசீதும் சரியான இன்பாக்ஸுக்கு வரும்.

## வேலை முடிந்து மாதங்கள் ஆகியும் கிளையண்டின் ஓடிபி உங்களுக்கு வருகிறது

யாரோ அவசரத்தில் உங்கள் போன் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். பல நேரம் அந்த யாரோ நீங்கள்தான். ஹோஸ்டிங், டொமைன், விளம்பரக் கணக்கு இவை மூன்றும் முக்கியச் சந்தேகப் புள்ளிகள். எரிச்சலில் எண்ணை நீக்கிவிட்டால் கிளையண்ட் வெளியே பூட்டப்படுவார், அப்புறம் இரவு பன்னிரண்டுக்கு உங்களைத்தான் கூப்பிடுவார். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கிளையண்டின் ஆள் ஒருவரை அந்தக் கணக்கில் உரிமையாளராகச் சேருங்கள். அவர் தன் போனில் உள்ளே நுழைந்து காட்டட்டும். மீட்பு மின்னஞ்சலையும் எண்ணையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். உங்கள் கார்டு அங்கே சேமிக்கப்பட்டிருந்தால் அவர் கார்டு வந்த பிறகு அதை நீக்குங்கள். டொமைன் உங்கள் கணக்கில் பதிவாகியிருந்தால் அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே உங்களை நீங்கள் நீக்கிக்கொண்டு, லாகின் குறியீடு தரும் அத்தென்டிகேட்டர் செயலியில் அந்தக் கணக்குக்கு இருக்கும் வரியை அழிக்க வேண்டும். முன்பே அழித்தால் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.

பாஸ்வேர்ட்கள் உங்கள் சொந்தப் பாஸ்வேர்டுகளோடு கலந்து கிடந்தால் எது எந்தக் கிளையண்டுடையது என்று தேடியே அரை நாள் போய்விடும். பாஸ்வேர்ட் மேனேஜரில் கிளையண்டுக்கு ஒரு ஃபோல்டர், பாஸ்வேர்ட்களை ஒரு கோப்பில் வைக்கும் கீபாஸ் செயலியைப் பயன்படுத்தினால் வேலைக்குத் தனிக் கோப்பு என்று வைத்திருந்தால், ஒப்படைத்த பிறகு அந்த ஒன்றை மட்டும் எடுத்து நீக்கிவிடலாம். வேலைக் கணக்குக்கு கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.